தொழில்சார் தூசண நோய்ச் சபை

ஊர்காவற்றுறையில் அந்தச் சபையின் பெயர்ப்பலகையைத் திறந்து வைத்த அன்று நானும் போயிருந்தேன். ஓட்டோக்காரனுக்குத் திறப்புவிழா என்றால் நல்ல ஓட்டம். மங்கள விளக்கு ஏற்றி, மாலை போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசியில் தலைவர் நூலைப் பிடித்து இழுக்க மஞ்சள் சீலை விலகியது. மேலே சிங்களம், கீழே ஆங்கிலம், நடுவில் கொட்டை எழுத்தில் தமிழ்: தொழில்சார் தூசண நோய் நிர்ணயச் சபை.

கூட்டம் ஒருமுறை வாசித்தது. நம்ப முடியாமல் திருப்பியும் வாசித்தது. மீன் சந்தைப் பெண்கள் நின்ற பக்கத்தில் சிரிப்புக் கிளம்பி, பாண்ட் வாத்தியக்காரர் வரைக்கும் பரவி, ஊதுகிறவனுக்குக் காற்றே வரவில்லை.

வெளியூர்க்காரருக்கு விளங்கச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தூசணம் என்றால் கெட்ட வார்த்தை. சின்னப் பிள்ளை சொன்னால் வாயில் மிளகாய்த்தூள் பூசுவார்கள். சிங்களத்தில் அதே சத்தத்தில் இருக்கிற சொல்லுக்கு மாசு என்று அர்த்தமாம். வேலைத்தலத்தில் தூசியும் புகையும் குடித்து நெஞ்சு கெட்டவர்களுக்கு ஒரு சபை வேண்டும் என்று கொழும்பில் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். அங்கே மொழிபெயர்ப்புக் கதிரையில் இருந்த யாரோ ஒரு கோதாரி விழுவான் சத்தத்தை அப்படியே தூக்கித் தமிழுக்குள் வைத்துவிட்டான். அரசாங்கம் சட்டம் அச்சடிக்கிற வர்த்தமானியிலும் அப்படியே அச்சாகிவிட்டது. வர்த்தமானியில் ஏறினது இறங்காது.

தலைவர் ஐயாத்துரை சிரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வெள்ளை வேட்டி, தங்க பிரேம் கண்ணாடி, பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தமிழின் தூய்மையைக் காப்பதற்கென்று அரசாங்கம் ஒரு சபையைத் தந்தது இதுவே முதல் தடவை. என்னை ஏன் தலைவராகப் போட்டார்கள் என்று சிலர் கேட்கலாம். நான் அரச சேவையில் இருந்த காலம் முழுவதும் ஒரு முடிவும் எடுத்ததில்லை. ஆகையால் என்மேல் ஒரு கறையும் இல்லை." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வெயில் அப்படி.

குருசுமுத்து அண்ணைக்கு அந்தச் சபை தேவைப்படாமல் இருந்திருந்தால் நானும் ஊரோடு சேர்ந்து சிரித்துவிட்டு விட்டிருப்பேன்.

அண்ணை மண்கும்பானில் எனக்குப் பக்கத்து வீடு. பரம்பரைக் கடற்தொழிலாளி. இழுவைப் படகுகள் வந்து வலையையும் வழித்து மீனையும் வழித்துக்கொண்டு போன பிறகு, வேலணை வெளியில் புதிதாக வந்த கல்லாலைக்கு வேலைக்குப் போனார். தீவுப் பகுதிக்குக் காப்பற் ரோட்டுப் போடுவதற்கு வன்னியிலிருந்து கருங்கல் வரும். அதை மெசினுக்குள் தள்ளிச் சல்லியாக்க வேண்டும். பின்னேரம் அண்ணை வீட்டுக்கு வந்தால் கண் மட்டும்தான் அவருடையது, மிச்சமெல்லாம் கல்லுத்தூள். மனுசி றோஸ் அக்கா அவரைக் கிணற்றடியில் நிறுத்தி வாளி வாளியாக ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். வெளியில் இருந்ததைக் கழுவினாள், உள்ளே போனதை யார் கழுவுவது?

ரோட்டு முடிந்தது. கண்ணாடி மாதிரி ரோட்டு, நான் பொய் சொல்லக்கூடாது. அந்த ரோட்டால்தான் அண்ணையை யாழ்ப்பாணத்துக்குப் படம் எடுக்க ஏற்றிக்கொண்டு போனேன். வைத்தியர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்லுத்தூசி நுரையீரலில் இறுகிவிட்டது, இனித் திரும்பாது என்று ஒளிக்காமல் சொன்னார். வீட்டில் ஒட்சிசன் மெசின் ஒன்று வைத்துக்கொண்டால் மூச்சு முட்டாமல் கொஞ்சக் காலம் இருக்கலாம். இப்படியான ஆட்களுக்குக் கொடுக்கவென்றே ஊர்காவற்றுறைச் சபைக்கு மெசின்கள் வந்திருக்கின்றன, அங்கே போங்கள் என்றார். வெளிநாட்டில் ஒரு பிள்ளையோ மச்சானோ இல்லாத வீடு அது. சொந்தத்தில் மெசின் வாங்குகிற கதைக்கே இடமில்லை.

அப்போதே அண்ணை படுத்து நித்திரை கொள்வதில்லை. படுத்தால் முட்டு இழுக்கும். இரண்டு தலையணையைக் கதிரைச் சட்டத்தில் வைத்து அதில் நெற்றியை ஊன்றிக்கொண்டு விடியும்வரை இருப்பார்.

சபைக்குப் போனோம். மெசின்கள் இருந்தன. பொலித்தீன் கழற்றாமல், சுவரோரம் வரிசையாக, அதில் ஒன்றின்மேல் பூச்சாடியும் வைத்திருந்தார்கள். எழுதுவினைஞர் துஷாந்தி நல்ல பிள்ளை. அண்ணையைக் கதிரையில் இருத்தி, மூச்சு வரும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"என்ன வருத்தம் ஐயா?"

"தூசி பிள்ளை. நெஞ்சு முழுக்கத் தூசி."

அவளுடைய முகம் வாடிவிட்டது. "ஐயா, இஞ்ச தூசி எடுக்கேலாது. தூசணம்தான் எடுக்கலாம்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் மெசினைப் பார்த்தேன்.

"பிள்ளை, உது பிழையா அடிச்சுப்போட்டாங்கள். எல்லாருக்கும் தெரியும்தானே," என்றேன்.

"தெரியும் அண்ணை. தலைவருக்கும் தெரியும். ஆனா தமிழ்ப் பகுதிக்குத் தமிழ்ப் பிரதிதான் சட்டமாம். திருத்தச் சொல்லிக் கொழும்புக்கு எழுதினனாங்கள். தமிழில எழுதினதால அங்க வாசிக்க ஆளில்லையாம், மொழிபெயர்க்கக் குடுத்திருக்கினமாம்."

"ஆரிட்ட?"

"அதே ஆளிட்டத்தான்."

தலைவரைப் பார்க்க விட்டாள். அவருடைய அறையின் சுவர் முழுக்கச் சுவரொட்டி. 'தூசணமற்ற தீவகம்' என்று எழுதி, வாயில் பூட்டுப் போட்ட ஒரு மீனவனின் படம். அதை எல்லா மீன் சந்தையிலும் ஒட்டுகிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

"நீர் கல்லாலையில வேலை செய்தனீர்?" தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "அங்க வேலை நேரத்தில தூசணம் கதைக்கிறவையோ?"

"மெசின் சத்தத்துக்குள்ள ஒண்டும் கேக்காது ஐயா."

"கேக்காது எண்டால் அது காது வருத்தம். அது வேற சபை."

"எனக்குக் காது நல்லாக் கேக்குது ஐயா. மூச்சுத்தான்..."

"இஞ்ச பாரும். உமக்கு உதவி செய்ய எனக்கு விருப்பம். ஆனா நான் வர்த்தமானிக்குக் கட்டுப்பட்ட ஆள். தூசிக்கு மெசினைத் தூக்கிக் குடுத்தால் நாளைக்குக் கணக்காய்வில நான்தான் பதில் சொல்ல வேணும். நீர் செத்தால் ஒருத்தரும் என்னட்டக் கேக்கமாட்டினம்." அவர் அதை ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார். "அதால தூசணத்தால வந்தது எண்டு நிரூபியும். உமக்கு என்னென்ன தூசணம் தெரியும்?"

அண்ணை மாதா கோயிலில் பாடுகிற மனுசன். வலை அறுந்தாலும் "மாதாவே" என்றுதான் சொல்வார். கடைசியில் வெட்கத்தோடு, "கோதாரி எண்டு சொல்லியிருக்கிறன் ஐயா," என்றார்.

தலைவர் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். "கோதாரி எண்டது வாந்திபேதி. அது தொற்றுநோய்ப் பகுதிக்குப் போகும்."

அன்றைக்குத் திரும்பி வரும்போது வேலணை தாண்டி ஆளில்லாத வெளியில் ஓட்டோவை நிறுத்தினேன். எனக்கு விசர் பிடித்திருந்தது. "அண்ணை, விசாரணையில கேப்பினம். இப்பவே பழகுங்கோ," என்று சொல்லி, எனக்குத் தெரிந்ததில் மிகச் சாதாரணமான ஒன்றைச் சொல்லிக்காட்டினேன். அண்ணை காதைப் பொத்தினார். பிறகு மெசினை நினைத்தாரோ என்னவோ, கையை எடுத்தார்.

"முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கோ."

சொன்னார். அடுத்த எழுத்துக்கு இருமல் வந்துவிட்டது. கண் பிதுங்க இருமினார். பனைக்குள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மனுசி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளைப் பேசாத தம்பி, சுகமில்லாத மனுசன்," என்று எனக்கு ஏசினாள். தூசணம் சொல்வதற்கும் நல்ல நெஞ்சு வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சபை சும்மா இருக்கவில்லை. தலப் பரிசோதனை என்று ஒருநாள் முழுச்சபையும் கல்லாலைக்குப் போனது. துஷாந்தி சொல்லி அண்ணையையும் றோஸ் அக்காவையும் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். தூசணத்தைப் பதிவுசெய்ய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வந்திருந்தது. மெசின் இரைச்சலில் அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே மெசினை நிறுத்தினார்கள். நிறுத்தியவுடன் தொழிலாளர் எல்லோரும் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள். தலைவர் கருவியை ஒவ்வொருவர் வாயடியிலும் பிடித்தார். ஒருவன் தும்மினான். அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்.

முதலாளி சோடா கொடுத்தார். சோடாப் போத்தலின் வாயில் தூசி படிந்தது. சபையினருடைய வாகனத்தின் கண்ணாடி வெள்ளையாகிச் சாரதி தண்ணீர் அடித்துக் கழுவினான். தலைவருக்கு இருமல் வந்தது. உடனே எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தார்கள். சபையின் வைத்திய உறுப்பினர் கவசத்துக்குள்ளிருந்து, "இவ்வளவு தூசிக்குள்ள மனுசன் எப்பிடி வேலை செய்யிறது?" என்றார். தலைவர் அவரைக் கண்டிப்பாகப் பார்த்தார். "டொக்டர், நாங்கள் வந்த விசயத்தை விட்டு வெளியில போகக்கூடாது," என்றார்.

தூசி மெத்தக் கிடக்கிறது, தூசணம் இல்லை என்று முடிவு எழுதினார்கள். வைத்திய உறுப்பினர் முதற்கொண்டு எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

என்றாலும் நீதி என்று ஒன்று இருக்கிறதே. இறுதி விசாரணைக்கு அண்ணையைக் கூப்பிட்டார்கள். அதற்குள் அவரால் நடக்க ஏலாது. நானும் றோஸ் அக்காவும் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் வைத்தோம். மெசின்கள் அதே சுவரோரம்தான் நின்றன. அண்ணை அவற்றைத் தண்ணீர் கேட்கிற கண்ணோடு பார்த்தார்.

"நீர் வேலைத்தலத்தில கேட்டதாகச் சொல்லுற தூசணங்களைச் சபைக்கு முன்னால சத்தமாச் சொல்லும்," என்றார் தலைவர். "கூச்சப்படாதேயும். இஞ்ச எல்லாரும் படிச்ச ஆக்கள்."

அண்ணை வாயைத் திறந்தார். பழக்கின முதல் எழுத்து வந்தது. பிறகு மூச்சுத்தான் வந்தது, அதுவும் விசில் மாதிரி. திரும்பவும் திறந்தார். உதடு நீலம் பாரித்தது. சபையினர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"விண்ணப்பதாரி ஒத்துழைக்கேல்லை எண்டு எழுதட்டோ?" என்று கேட்டார் தலைவர்.

றோஸ் அக்கா அதுவரை சுவரோரம் நின்றவள். மண்டைதீவுப் பெண், மீன்கடகம் சுமந்து வீடு வீடாக வித்தவள். ஆனாலும் நான் அவள் வாயில் ஒரு பிழையான சொல் கேட்டதில்லை. மெல்ல நடந்து மேசையடிக்கு வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு தொடங்கினாள்.

அவள் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன், அச்சடிக்கிறவன் பாவம். தலைவரின் தாயிலிருந்து தொடங்கி, தகப்பன் வழியால் வந்து, கொழும்பில் இருக்கிற மொழிபெயர்ப்பாளனின் வம்சத்தையும் தொட்டு, வர்த்தமானியைச் சுருட்டி எங்கே வைக்க வேண்டும் என்றதையும் சொல்லி, மூச்செடுத்து, மீண்டும் தலைவரில் வந்து நின்றாள். அழுதுகொண்டே சொன்னாள். உண்மையைச் சொன்னால் எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

அவள் நிறுத்திய பிறகும் பேனைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் உறுப்பினர் தலையை நிமிர்த்தாமல், "அம்மா, அந்த மூன்றாவதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுறீங்களோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. சபை தொடங்கிய நாளிலிருந்து ஒரு நோயாளிக்காகக் காத்திருந்த மனுசன் அல்லவா. "இவ்வளவு முற்றின நிலையில ஒருத்தரை இந்தச் சபை இதுவரைக்கும் காணேல்லை," என்றார்.

வைத்திய உறுப்பினர் விளக்கம் கொடுத்தார். தொழிலாளி வேலைத்தலத்தில் சேர்ந்ததை உடுப்போடு வீட்டுக்குக் கொண்டு வருவான், வீட்டிலிருக்கிற மனைவிக்கு அது பற்றும், இது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விசயம் என்றார். தலைவர் அண்ணையின் பக்கம் திரும்பினார். "நீர்தான் காவிக்கொண்டு வந்து குடுத்திருக்கிறீர். ஒரு பொம்பிளையை இந்த நிலைக்குக் கொண்டு வந்திட்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறீர்."

"ஓம் ஐயா," என்றார் அண்ணை. மெசினைத் தருவதாக இருந்தால் அவர் எதற்கும் ஓம் சொல்லியிருப்பார்.

மெசின் றோஸ் அக்காவுக்கு அனுமதிக்கப்பட்டது. வேறு எவருடைய மூக்கிலாவது குழாயைக் கண்டால் மெசின் மீளப்பெறப்படும் என்று தலைவர் வாசித்துக் காட்டினார். பூச்சாடியை இறக்கிவிட்டு நானே தூக்கி ஓட்டோவில் ஏற்றினேன். துஷாந்தி வாசல்வரை வந்து, "பரிசோதனைக்குச் சொல்லாமல்தான் வருவினம் அக்கா, கவனம்," என்று காதுக்குள் சொன்னாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நல்ல நாள். அண்ணை குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். குறட்டை கேட்டது. றோஸ் அக்கா என்னைக் கூப்பிட்டு அந்தக் குறட்டையைக் கேட்க வைத்தாள். மீன்குழம்பு விட்டுச் சோறு தின்றார், கதைத்தார், என் ஓட்டோவின் ஓட்டைச் சைலன்சரைக் கேலி பண்ணினார். ஆனால் குழாயைக் கழற்றினால் முன்னரைப்போலத் தாக்குப்பிடிக்க ஏலாது. நெஞ்சு மெசினை நம்பிவிட்டது.

ஒரு காலமை சந்தியில் நிற்கிறேன், சபையின் மோட்டார்சைக்கிள் திரும்பியது. நான் குறுக்கால் ஓட்டிப் போய்ச் சொன்னேன். குழாயை அண்ணையிடமிருந்து கழற்றி, அவரைத் தூக்கி வாசல் கதிரையில் இருத்தி, அக்கா கட்டிலில் ஏறிக் குழாயை மாட்டவும் படலை திறக்கவும் சரியாக இருந்தது.

வந்தவன் நிசாந்தன், களப் பரிசோதகர். நல்ல அடக்கமான பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அக்காவின் விரலில் ஒட்சிசன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டிப் பார்த்தான். "தொண்ணூற்றெட்டு. அருமையா வேலை செய்யுது அம்மா."

"அப்ப போயிட்டு வாரும் தம்பி," என்றாள் அக்கா.

"இல்லையம்மா, ஒரு மணித்தியாலம் முழுக்கப் பாவிக்கிறதைப் பாத்துத்தான் எழுதச் சொன்னவை. நீங்கள் அசையாதேங்கோ, வாசிப்புப் பிழைச்சுப்போடும்."

அவன் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தான். நானே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டு எழும்புவான் என்று. அவன் ஊதி ஊதிக் குடித்தான். அண்ணை வாசல் கதிரையில் முன்னுக்குச் சரிந்து, முழங்காலில் கையை ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுவைக்கும் தோள் காது வரைக்கும் ஏறியது. அக்கா கட்டிலில் எழும்பப் பார்த்தாள். அண்ணை கையைத் தூக்கி, இரு என்று காட்டினார். நான் வாயைத் திறந்தேன். அந்தக் கையை எனக்கும் காட்டினார்.

அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பிடித்து வெளியில் தள்ளலாம். தள்ளினால் மெசின் அவனோடு போய்விடும்.

"அண்ணைக்கு என்ன வருத்தம்?" என்று நிசாந்தன் அக்கறையாகக் கேட்டான்.

"தூசி," என்றாள் அக்கா, குழாய்க்குள்ளிருந்து.

"பாவம். அதுக்கு எங்கட பக்கத்தில ஒண்டும் இல்லையம்மா."

பிறகு அக்காவைப் படம் எடுத்தான். மெசினோடு ஒன்று, மெசின் இல்லாமல் ஒன்று. சபையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி அதையும் பதிந்தான். அக்கா நன்றி சொன்னாள். கண் வாசலிலேயே இருந்தது. அண்ணையின் தோள் ஏறி இறங்குவது மெதுவானது. தலை மார்பில் சாய்ந்தது.

நிசாந்தன் எல்லாவற்றையும் எழுதி முடித்து, பையை மூடி, செருப்பைப் போட்டுக்கொண்டான். வாசலைத் தாண்டும்போது குரலைத் தணித்தான்.

"அண்ணை நித்திரையாயிட்டார். எழுப்பாதேங்கோ அம்மா. அடுத்த மாதம் வாறன்."

மோட்டார்சைக்கிள் சத்தம் சந்திப் பக்கம் போனது. நான் அண்ணையின் கையைப் பிடித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கையை அவர் மடியிலேயே வைத்தேன். அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் அதற்குள் குழாயைத் தன் மூக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தாள். நிலத்தில் குந்தி, அண்ணையின் தலையை நிமிர்த்தித் தோளில் சாய்த்து, குழாயைத் துடைத்து மூக்கில் மாட்டி, மெசினைக் கூட்டிவிடச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினாள். நான் கூட்டினேன்.

"அவன் போயிட்டான்," என்றாள் அவர் காதுக்குள். "இனி ஒருத்தரும் வரமாட்டினம். இழுங்கோ. ஆறுதலா இழுங்கோ."